வலையோரம் நிற்கப் போகிற தம்பிக்கு



டென்னிஸ் பயிற்றுவிப்பாளர் உன்னை ஒற்றையரிலிருந்து எடுத்து இரட்டையரில் போட்டுவிட்டார், இத்தோடு எல்லாம் முடிந்தது என்று எழுதியிருக்கிறாய். நாலந்தாவில் விடியமுன் பஸ் ஏறி, மாத்தளை தாண்டி, கண்டிவரை போய்ப் பழகுகிற பிள்ளைக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், உனக்கு நல்ல வழிதான் காட்டியிருக்கிறார்கள். தண்டனை என்று நினைத்துக்கொண்டு ஆடினால்தான் வீணாய்ப் போவாய்.

இந்திய டென்னிஸ் வீரர் ரோகன் போபண்ணாவைப் பற்றித் தேடிப் படி. 2025 நவம்பர் 1ஆம் திகதி ஓய்வை அறிவித்தார். குடகு மலையில் வளர்ந்தவர். சேர்வுக்குத் தோள் உரமேற விறகு பிளந்ததையும், கோப்பித் தோட்டங்களுக்குள் ஓடி மூச்சுப் பழகியதையும் விடைபெறும்போது அவரே நினைவுகூர்ந்தார். நம் முன்னோர் மாத்தளை மலைக்கு வந்ததும் கோப்பிக்குத்தானே. ஏறி இறங்கி ஓட உனக்கும் இடப்பஞ்சம் இல்லை.

ஒற்றையர் தரவரிசையில் அவர் தொட்ட உச்சம் 213. அதை மட்டும் பார்த்தவர்கள் இவர் தேறமாட்டார் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் இரட்டையரில் அவர் வென்ற ஏடிபி (ஆண்கள் தொழில்முறைச் சுற்று) பட்டங்கள் 26. 2010இல் பாகிஸ்தானின் ஐசாம் குரேஷியோடு அமெரிக்க ஓபன் இறுதிக்குப் போய், பிரையன் சகோதரர்களிடம் தோற்றார். கிராண்ட் ஸ்லாம் ஆண்கள் இரட்டையர் கிண்ணம் கையில் கிடைத்தது 2024 ஜனவரியில், மெல்பேர்னில், மத்யூ எப்டனோடு. வயது 43. அந்த வயதில் முதன்முறையாக உலக முதலிடம் பிடித்தவர் வேறு எவரும் இல்லை.

இடையிலிருந்த காலம்தான் நீ படிக்க வேண்டியது. முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்து, வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஆடினார். 2021இன் தொடக்கத்தில் தோல்விமேல் தோல்வி. விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். ஐயங்கார் யோகா அவரை மீண்டும் களத்தில் நிறுத்தியது. ஆகவே, பதினாறு வயதில் உன் முழங்காலைப் பார்த்துக்கொள். தொழிலாக ஆடினால் இரட்டையரில் ஒற்றையரைவிடப் பரிசுப்பணம் மிகக் குறைவு என்பதையும் இப்போதே தெரிந்துகொள்.

இனி வேலைக்கு வருவோம். ஒற்றையரில் களத்தின் அகலம் 8.23 மீற்றர், இரட்டையரில் 10.97. அகலம் கூடினாலும் சண்டை வருவது நடுவில் விழும் பந்தால்தான். யாருடைய பந்து அது? ஆடுமுன்பே பேசி முடித்துவிடு. உன் இணை சேர்வ் போடும்போது நீ வலையோரம் குனிந்து, முதுகுக்குப் பின்னால் கையால் சைகை காட்டுவாய். பெரும்பாலும் மூடிய முட்டி என்றால் நின்ற இடத்திலேயே நிற்பாய், விரித்த கை என்றால் குறுக்கே பாய்வாய். காட்டிவிட்டு மனம் மாறாதே. அவன் உன் கையை நம்பித்தான் பந்தை மேலே எறிகிறான். ஏடிபி இரட்டையர் தொடரில் 40-40 வந்தால் ஒரே பந்தில் கேம் முடிந்துவிடும். அந்த சேர்வை இருவரில் யார் எதிர்கொள்வது என்று ரிட்டர்ன் எடுக்கும் அணி தீர்மானிக்கும். அந்த ஒரு ரிட்டர்னுக்காக நூறு நாள் பழகினாலும் தகும்.

இணையை மதிப்பது இதையெல்லாம்விடக் கடினம். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதியும், சென்னையில் அமிர்தராஜ் அகாடமியில் பழகிய லியாண்டர் பயஸும் 1999இல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் இறுதிக்குப் போனார்கள். பிரெஞ்சையும் விம்பிள்டனையும் வென்றார்கள். பிறகு மனம் முறிந்தது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பயஸோடு ஆடமாட்டோம் என்று பூபதியும் போபண்ணாவும் மறுக்க, இந்தியா இரண்டு அணிகளை அனுப்பியது. இரண்டுமே இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. நான் போற்றுகிற போபண்ணாவுக்கும் அதில் பங்குண்டு. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது. யார் சரி, யார் பிழை என்று எவ்வளவு பேசினாலும், போன பதக்கம் போனதுதான்.

நம் நாட்டுக்கு இரட்டையர் இன்னும் முக்கியம். டேவிஸ் கிண்ணத்தில் இலங்கை ஆடியிருக்கும் மூன்றாம் பிரிவில் ஒரு சந்திப்புக்கு இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர். ஒன்றுக்கு ஒன்று என்று வந்தால் நாட்டின் வெற்றி இரட்டையர் ஜோடியின் கையில். தினேஷ்காந்தன் தங்கராஜா இலங்கைக்காக டேவிஸ் கிண்ணம் ஆடியிருக்கிறார். தமிழ்ப் பிள்ளைக்கு அந்த அணி எட்டாத இடம் அல்ல.

ஒற்றையரையும் கைவிடாதே. 2010இல் சென்னையில், ஐந்து ஆட்டங்கள் கொண்ட டேவிஸ் கிண்ணச் சந்திப்பில், பிரேசிலுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கிய இந்தியாவைக் கடைசி ஒற்றையரில் வெல்ல வைத்தவர் இதே போபண்ணாதான்.

அடுத்த கிழமை போனதும் உன் இணை யார் என்று எழுது. அவன் எந்தப் பக்கம் நின்று ரிட்டர்ன் நன்றாக எடுக்கிறான் என்பதையும் கவனித்து எழுது.

அன்புடன்,
அண்ணன்