ஒற்றி

சென்னைப் புளியந்தோப்பில் நாம் வதிந்த தெருவில் ஒரு மனைவாயிலில் ‘வீடு போக்கியத்திற்கு’ என்றெழுதிய பலகை ஒன்று தொங்கிற்று. எம்பாற் சிவப்பிரகாசம் பாடங்கேட்டு வந்த நெல்லைநாட்டன்பர் ஒருவர் அதனைக் கண்டு, “எங்கள் பக்கத்தில் இதனை ஒத்தி என்பார்கள்” என்றனர். அச்சொல் எம் செவிக்குப் புதிது. அகராதியை விரித்த பின்னரே, அஃது ஒற்றி என்பதன் பேச்சுருவமென்று தெளிந்தாம். காற்று காத்தென்றும், விற்றான் வித்தானென்றும் வழங்குமாறு காண்க. இதன்கண் நாம் நாணுதற்குரியது ஒன்றுண்டு. வடகிழக்கே சிலகல் தொலைவிலுள்ள திருவொற்றியூரை எத்துணையோ முறை நாவாற் கூறியும், அப்பெயருள் நின்ற சொல் யாதென ஒருநாளும் வினவிற்றிலேம்.

ஒற்றியாவது, கடன்கொள்வான் தன் நிலத்தையேனும் மனையையேனும் கடன்கொடுத்தான் கையில் ஒப்புவிப்பது. கொடுத்தவன் வட்டி வாங்கான். அதற்கீடாக நிலத்தின் விளைவைக் கொள்வான், அல்லது மனையிற் குடியிருப்பான். முதல் தீர்ந்தவழிப் பொருள் உடையானிடம் மீளும். விலையின் இஃது எவ்வாறு வேறெனின், விலையில் உடைமையும் துய்ப்பும் ஒருங்கே கைமாறும். ஒற்றியில் துய்ப்பு மாத்திரமே மாறும், உடைமை நின்றாங்கே நிற்கும். 1882-ஆம் ஆண்டின் சொத்துமாற்றுச் சட்டமும் தனது 58-ஆம் பிரிவில் இதனை அடைமானத்தின் ஒருவகையாக வகுத்துரைக்கின்றது.

வடநூலார் அடைமானத்தை ‘ஆதி’ என்ப. இச்சொல்லின் தகரம் மூச்செறிந்து ஒலிக்கப்படுவது. முதல் எனப் பொருள்படும் ஆதியின் தகரமோ அங்ஙனம் மூச்செறியாதது. தமிழெழுத்தில் இரண்டற்கும் வடிவம் ஒன்றேயாதலின், ஆதிபுரி என்னும் ஒற்றியூர்ப் பெயரை ‘முதலூர்’ என்று கொள்வார் பலர்; நாமும் அங்ஙனமே கொண்டிருந்தாம். மூச்செறிந்த ஆதியெனக் கொள்ளின், அஃது ஒற்றியூர் என்பதன் நேர் மொழிபெயர்ப்பாய் அமைதல் காண்க. ஊழிவெள்ளம் ஒற்றி விலகிய ஊர் என்னும் தலபுராண வழக்கினை ஈண்டு மறுக்கப் புகுந்தேமல்லேம். ஒரு சொல் இருபொருளுக்கும் இடந்தருவது புதிதன்று.

இனி, பலகையிற் கண்ட போக்கியம் என்னும் சொல் எங்கிருந்து வந்தது? யாஞ்ஞவல்கிய மிருதி தன் விவகாரப் பகுதியில் ஆதியைக் காத்தற்குரியது, துய்த்தற்குரியது என இருவகைப்படுத்து ஆராய்கின்றது. பின்னது போக்கியம். கடன் இருமடங்காகியும் மீட்கப்படாத ஆதி உடையானுக்கு அழிந்துபோம் என்று பொதுவிற் கூறிய அந்நூல், பயன் துய்க்கப்படும் ஆதி மாத்திரம் அழியாது என விலக்குகின்றது. எத்துணைக்காலம் துய்ப்பினும் துய்த்தவன் உடையானாகான் என்பது கருத்து. மீட்டலைக் குறிக்க ஆண்டு வழங்கிய வினைச்சொல்லும் மோட்சம் என்னுஞ் சொல்லோடு ஒரு வேரிற் பிறந்ததே. இதனைக் கண்டவழி நாம் சிறிது நேரம் நூலை மூடி வைத்திருந்தாம்.

சித்தாந்தம் பயில்வார்க்குப் போக்கியம் அயலன்று. ஆன்மதத்துவம் இருபத்துநான்கும் போக்கிய காண்டம், வித்தியாதத்துவம் ஏழும் போசயித்திரு காண்டம், சிவதத்துவம் ஐந்தும் பிரேரக காண்டம் என ஓதுவேம். ஆயினும் கடைத்தெருவில் வழங்கும் போக்கியமும் காண்டப் பெயரின் போக்கியமும் ஒரு சொல்லே என்பது பலகையைக் காணுமுன் எமக்குத் தோன்றிற்றிலது. தனு, கரண, புவன, போகங்களை உயிர் துய்க்கின்றது. அவற்றை உடையானோ இறைவன். பல பிறவி துய்த்தமை பற்றி ‘எனது’ என்னும் உயிர், நெடுநாட் குடியிருந்தமையால் மனை தன்னதென வழக்கிடும் ஒற்றிக்காரனை ஒக்கும்.

அன்பர் இவ்வளவில் அமைந்திலர். “ஒற்றியாயின் கடன்பட்டார் யார்? இறைவன் உயிர்க்குக் கடன்பட்டானோ? அன்றி உயிரையே மலத்தினிடத்து ஒற்றி வைத்தானோ?” என்றனர். நல்ல வினா. முன்னதும் கூடாது, பின்னதும் கூடாது. உயிர்க்கு இறைவன் மாயையினின்று உடம்பு கொடுத்தது கடன் தீர்த்தற்கன்று, அருளால். ஆணவமோ அநாதி, உயிரை அதன் கையில் ஒப்புவித்த நாள் ஒன்று உண்டெனின் அதன்முன் உயிர் மலமின்றி இருந்ததாய் முடியும், அது சித்தாந்தத்திற்கு முழுமாறு. மேலும், ஒற்றியில் விடுபடுவது பொருள்; முத்தியில் விடுபடுவதோ துய்த்த உயிர். ஆகலின் இதனை ஒருபுடை உவமையாகவே கொள்ளல்வேண்டும்: துய்ப்பு வேறு, உடைமை வேறு என்னும் அவ்வொரு கூற்றிற்கே இது பொருந்தும். அதனைக் கடந்து இழுப்பின் சொல்லின்பம் நூற்பொருளைக் கெடுத்துவிடும். நாமும் முதனாளிரவு அங்ஙனம் இழுத்துப் பார்த்தவரே.

அன்று பாடம் தத்துவப் பாகுபாட்டைக் கடந்து செல்லவில்லை. அன்பர் தம் ஏட்டின் விளிம்பில் ஒற்றி, ஆதி, போக்கியம் என்னும் மூன்றனையும் எழுதி, இரண்டாவதன் தகரத்தின் மேல் மட்டும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டனர்.