கருமணலும் மஞ்சாடிக் குருவும்



குளச்சல் கடற்கரையில் நடந்து வீடு திரும்பும்போது நம் பாதங்களில் ஒட்டிக்கொண்டு வரும் கருமணலை நாம் யாவரும் அறிவோம். அம்மணல் எதனால் ஆனது என்று என்றேனும் சிந்தித்ததுண்டா? 1909-ஆம் ஆண்டு ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியல் அறிஞர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். அதிலுள்ள தோரியம், அக்காலத்தில் காஸ் விளக்குகளின் மேண்டில் செய்யத் தேவைப்பட்டது. இவ்வாறுதான் நம் அண்டை ஊரான மணவாளக்குறிச்சி உலகறிந்த ஊராயிற்று. அம்மணலின் கருமைக்கு முக்கியக் காரணம் இல்மனைட் என்ற கனிமம். இரும்பு அணு ஒன்று, டைட்டானியம் அணு ஒன்று, ஆக்சிஜன் அணுக்கள் மூன்று என்ற விகிதத்தில் சேர்ந்ததே இல்மனைட்.

இதை வகுப்பில் கேட்டவுடன் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், அணுவைக் கண்ணால் பார்க்க முடியாது என்கிறீர்கள். அப்படியானால் அது இருக்கிறது என்று எப்படி நம்புவது?” என்று வினவினாள். ஆசிரியை பதில் கூறவில்லை. ஒரு சோதனை செய்யச் சொன்னார்.

தேவையான பொருள்கள்: தராசு, களிமண், ஒரே அளவான துணித் துண்டுகள், மஞ்சாடிக் குருக்கள். மஞ்சாடிக் குருக்கள் ஏறக்குறைய ஒரே எடையுள்ளவை. முற்காலத்தில் பொன் நிறுக்கவும் பயன்பட்டவை.

செய்முறை: ஆக்சிஜன், டைட்டானியம், இரும்பு ஆகியவற்றின் அணு எடைகள் ஏறத்தாழ 16, 48, 56. இவை 2 : 6 : 7 என்ற விகிதத்தில் உள்ளன. ஆகவே 2 மஞ்சாடி எடையுள்ள களிமண் உருண்டையை ஆக்சிஜன் என்றும், 6 மஞ்சாடி எடையுள்ளதை டைட்டானியம் என்றும், 7 மஞ்சாடி எடையுள்ளதை இரும்பு என்றும் கொண்டோம். ஓர் இல்மனைட் தொகுதிக்கு 7 + 6 + 2 + 2 + 2 = 19 மஞ்சாடி.

கேள்வி கேட்ட மாணவியை வெளியே அனுப்பிவிட்டு, சில தொகுதிகளைத் துணியில் முடிந்து வைத்தோம். அவள் வந்து, முடிச்சை அவிழ்க்காமல், மறுதட்டில் ஒரு வெறுந்துணியையும் இட்டு நிறுத்தாள். 38, 19, 76, 57 என்று வந்தது. சிறிது நேரம் எண்களையே பார்த்திருந்தவள், “உள்ளே என்ன இருக்கிறதோ, அது 19, 19 ஆகத்தான் இருக்கிறது!” என்றாள். பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டாள்!

கடைசி முடிச்சு 29 காட்டியது. அவள் திகைத்தாள். டைட்டானியம் ஒன்றும் ஆக்சிஜன் இரண்டும் சேர்ந்த ரூட்டைல் என்ற கனிமத்துக்கு 6 + 2 + 2 = 10 மஞ்சாடி என்று ஆசிரியை நினைவூட்டினார். “அப்படியானால் இதில் இரண்டும் கலந்திருக்கின்றன” என்றாள். சேர்மத்துக்கும் கலவைக்கும் உள்ள வேறுபாடு அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. மணவாளக்குறிச்சி ஆலையில் காந்தத்தைக் கொண்டு இல்மனைட்டை மற்ற மணலிலிருந்து பிரிப்பது கலவையைப் பிரிப்பதாகும். இல்மனைட்டிலிருந்து இரும்பையும் டைட்டானியத்தையும் காந்தத்தால் பிரிக்க முடியாது. அதற்கு வேதிவினை வேண்டும்.

ஓர் எச்சரிக்கை! உருண்டைகளை முந்திய நாளே செய்து வைத்துவிடாதீர்கள். நாங்கள் முதலில் அப்படிச் செய்து, களிமண்ணின் ஈரம் உலர்ந்து எடை குறைந்ததால் ஏமாந்தோம். அந்த ஈரமும் அணுக்களால் ஆனதுதானே!

இம்மாதிரியில் ஒரு குறையும் உண்டு. உண்மையான இல்மனைட் படிகத்தில் அணுக்கள் தனித்தனி முடிச்சுகளாக இல்லை. ஒழுங்கான வரிசைகளில் அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் தூய இல்மனைட்டில் அவற்றின் விகிதம் மட்டும் மாறுவதில்லை.

தனிமங்கள் சேரும் எடைகளை ஒப்பிட்டே ஜான் டால்டன் தம் அணுக்கொள்கையை நிறுவி, 1808-இல் நூலாக வெளியிட்டார். அவரும் அணுவைக் கண்டவரல்லர். எண்களைப் பார்த்து உள்ளிருப்பதை உணர்ந்தவர். ஒரு மில்லிகிராம் இல்மனைட்டில் ஏறக்குறைய இரண்டு லட்சம் கோடி கோடி அணுக்கள் உள்ளன. தோழிகளே, இனிக் காலில் ஒட்டிய கருமணலைத் தட்டிவிடும்போது இதைச் சற்றே நினைத்துப் பாருங்கள்!