கேர்ள் ஸ்கவுட் ட்ரூப்: பெற்றோரிடம் வேலை வாங்குவது எப்படி?

மகளை கேர்ள் ஸ்கவுட் என்ற சிறுமியர் இயக்கத்தில் சேர்க்கலாம் என்று விசாரித்தால், அமெரிக்காவில் பல ஊர்களில் கிடைக்கும் பதில் இதுதான்: "இருக்கிற ட்ரூப் எல்லாம் நிரம்பிவிட்டது. நீங்களே ஒன்று தொடங்குகிறீர்களா?" சேரப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், நடத்தத்தான் ஆள் கிடைப்பதில்லை. சரி என்று தலையாட்டுபவர் பெரும்பாலும் முன்அனுபவம் எதுவும் இல்லாத ஓர் அம்மாவாக இருப்பார். அனுபவம் இல்லாதது பெரிய குறையில்லை. எல்லாவற்றையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வதுதான் ஆபத்து. அப்படிச் செய்தவர்கள், பிள்ளைகள் குக்கீ விற்கும் சீசன் முடிவதற்குள் கைகழுவிவிடுகிறார்கள்.

முதல் வேலை, இன்னொரு லீடரைப் பிடிப்பது. ஒரு ட்ரூப்புக்கு, அதாவது குழுவுக்கு, குறைந்தது 5 சிறுமிகளும், ஒருவருக்கொருவர் உறவில்லாத 2 பெரியவர்களும் வேண்டும். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கணவனும் மனைவியுமாகச் சமாளித்துவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. அக்கா தங்கையும் ஆகாது. இருவரும் உறுப்பினராகப் பதிந்து, பின்னணிச் சோதனையை முடித்து, உள்ளூர் கவுன்சில் தரும் பயிற்சியையும் எடுக்க வேண்டும். செப்டம்பரில் தொடங்க நினைப்பவர்கள் கோடையிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. உங்களுக்கு நேர் எதிரான சுபாவம் உள்ளவராகத் தேடுங்கள். நீங்கள் பசையும் வண்ணத்தாளுமாக உற்சாகப்படுபவர் என்றால், வந்த மின்னஞ்சலுக்கு அன்றே பதில் போடும் ஆள் தேவை.

எந்த வயதுப் பிள்ளைகள் என்பதை அடுத்து முடிவு செய்யுங்கள். கிண்டர்கார்ட்டனும் 1-ஆம் வகுப்பும் டெய்சி. 2, 3 பிரவுனி. 4, 5 ஜூனியர். முதல்முறை நடத்துபவர்களுக்கு ஒரே வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் வேலை பாதி குறையும். எட்டுப் பத்துப் பேர் போதும். தோழியின் தோழி மகள் என்று சேர்த்துக்கொண்டே போகாதீர்கள்.

அடுத்து வருவதுதான் முக்கியம்: பிள்ளைகளின் முதல் கூட்டத்துக்கு முன்னால், பிள்ளைகள் இல்லாமல் ஒரு பெற்றோர் கூட்டம். நூலக அறையோ, யாராவது வீட்டு ஹாலோ போதும். அங்கே "யாரால் உதவ முடியும்?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். "ஏதாவது ஹெல்ப் வேணும்னா சொல்லுங்க" என்று நல்ல மனதோடு சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அந்த வாக்கியத்தை நம்பி எந்த ட்ரூப்பும் நடந்ததில்லை. அதற்குப் பதில் ஒரு தாளில் வேலைகளைப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையும் குறித்து, எதிரே பெயருக்கு இடம் விட்டு வையுங்கள். பொருளாளர்: மாதம் ஒரு மணி நேரம். குக்கீ மேனேஜர்: ஜனவரியிலிருந்து சீசன் முடியும்வரை, மற்ற மாதங்களில் ஓய்வு. முதலுதவிப் பயிற்சி பெற்றவர். வெளியூர் போகும்போது கார் ஓட்டுபவர். படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போடுபவர். தின்பண்டத்துக்கு முறைப் பட்டியல் போடுபவர். தாள் சுற்றி வந்து திரும்பும்போது வீட்டுக்கு ஒரு பெயராவது இருக்க வேண்டும். அப்பாக்களை "கார் நிறுத்துபவர்" கணக்கில் ஒதுக்காதீர்கள். கணக்குவழக்கையும் கூடார முகாமையும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பணத்தைத் தொடுபவர், கார் ஓட்டுபவர், துணைக்கு வருபவர் எல்லோருக்கும் பதிவும் பின்னணிச் சோதனையும் உண்டு என்பதை அன்றே சொல்லிவிடுங்கள்.

அதே கூட்டத்தில் உடல்நலப் படிவம், ஒவ்வாமை, புகைப்பட அனுமதி எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். சாப்பாட்டைப் பற்றியும் பேசுங்கள். முகாம் தீயில் சுட்டுத் தின்னும் ஸ்மோர்ஸில் போடும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும்; அது விலங்குகளிடமிருந்து எடுப்பது. சைவக் குடும்பத்தினர் பலருக்கு இது தெரியாது. ஜெலட்டின் இல்லாததும் கடையில் கிடைக்கிறது. ஒரு பிள்ளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். கையெழுத்திட உறவில்லாத இருவர் வேண்டும். 1912-ல் ஜார்ஜியாவின் சவானா நகரில் 18 சிறுமிகளுடன் இந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜூலியட் கார்டன் லோ, அதன் செலவுக்காகத் தன் முத்துமாலையையே விற்றவர். அவர் வழியில் போகாதீர்கள். பசை, ஸ்டிக்கர் என்று லீடர் போடும் சில்லறைச் செலவு வருடக் கடைசியில் கணிசமாக நிற்கும். ரசீதைப் பொருளாளரிடம் கொடுங்கள்.

பிள்ளைகளின் கூட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். உறுதிமொழி, ஒரு செயல்பாடு, தின்பண்டம், துப்புரவு, கைகோத்த வட்டம். யார் எதைச் செய்வது என்பதற்கு கேப்பர் சார்ட் என்று ஒன்று வைப்பார்கள்: அட்டையில் வேலைகள், துணி கிளிப்பில் பிள்ளைகளின் பெயர்கள், வாரத்துக்கு வாரம் இடம் மாறும். மேசை துடைப்பது இந்த வாரம் ஆறு வயதுக்காரியின் வேலை என்றால் அவள்தான் துடைக்க வேண்டும். தண்ணீர் தரையில் வழியும், பாதி மேசை ஈரமாகவே இருக்கும். உதவிக்கு நிற்கும் அம்மாவுக்குக் கை துறுதுறுக்கும். அவரைத் தடுப்பது உங்கள் பொறுப்பு. அடுத்த மாதம் என்ன செய்யலாம் என்பதையும் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். டெய்சிகளுக்கு இரண்டில் ஒன்று என்று கேட்டால் போதும்.

குக்கீ விற்பனை பெரும்பாலும் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில். 1917-ல் ஒக்லஹோமாவின் மஸ்கோகியில் ஒரு ட்ரூப் பள்ளி உணவகத்தில் விற்றதில் தொடங்கிய வழக்கம் இது. அந்தக் காலத்தில் பிள்ளைகள் வீட்டிலேயே சுட்டார்கள், அம்மாக்கள் அடுப்படியில் பக்கத்தில் நின்றார்கள். இப்போது பேக்கரி சுட்டு அனுப்புகிறது, பெற்றோரின் இடம் கராஜுக்கு மாறிவிட்டது. ஒரு கேஸுக்கு 12 பெட்டி வீதம் சுவர் உயரத்துக்கு அடுக்க இடம் உள்ள வீட்டை முன்பே பேசி வையுங்கள். ஒவ்வொரு குடும்பமும் எடுத்துப் போகும் பெட்டியை எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். நெருங்கிய தோழியாக இருந்தாலும் வாங்குங்கள். கடை வாசலில் போடும் பூத்தில், குளிருக்குக் கையுறையோடு நின்று கூவி விற்பது பிள்ளைகள். பணப்பெட்டியில் கண் வைப்பது பெரியவர்கள். மீதிச் சில்லறையைப் பிள்ளையே எண்ணித் தரட்டும், வரிசை நீண்டால் நீளட்டும்.

வெளியே அழைத்துப் போகும்போது கூடுதல் பெரியவர்கள் தேவை. 12 டெய்சிகள் இருக்கும் சாதாரணக் கூட்டத்துக்கு 2 பேர் போதும். அதே 12 பேரை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போனால் 4 பேர் வேண்டும்: முதல் 6 பிள்ளைகளுக்கு 2 பேர், அதற்கு மேல் ஒவ்வொரு 4 பேருக்கும் ஒருவர். யார் வருவது என்று முந்தின இரவு வாட்ஸப்பில் கேட்டால் பயணமே ரத்தாகும். மூன்று வாரம் முன்பே பெயர்களைக் கேளுங்கள்.

மே மாதம், பள்ளி மூடும் முன், அதே வேலைத் தாளை மறுபடி சுற்றுக்கு விடுங்கள். குக்கீ பார்த்தவருக்கு இந்த முறை புகைப்படம் கொடுங்கள். நீங்களே விலகுவதாக இருந்தாலும் அப்போதே சொல்லிவிடுங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றவும் புதியவர் பின்னணிச் சோதனையை முடிக்கவும் கோடை முழுதும் இருக்கும்.