கெட்ட சொப்பனமும் நல்ல நித்திரையும்

நிழல் தாங்கலில் பணிவிடை முடிந்து, எல்லாரும் திருநாமம் இட்டுக்கொண்டு போன பிறகும் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி நிற்பார். கேட்டால், "ராத்திரி கண்ணை மூட முடியல்ல அண்ணாச்சி. மூடினா அதே சொப்பனந்தான்" என்பார். நோய் என்று சொல்ல வெட்கம். பேய் என்று சொல்லப் பயம். ஆகவே யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு உடல் மெலிந்தவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. இந்தப் பாடம் அவர்களுக்காக.

சொப்பனம் எங்கிருந்து வருகிறது?

நம் தூக்கம் இரவு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திற்கு ஒரு சுற்று என்று ஆழ்ந்த தூக்கமும் சொப்பனத் தூக்கமும் மாறி மாறி வருகின்றன. விடியலை நெருங்க நெருங்கச் சொப்பனத் தூக்கம் நீளுகிறது. "விடியற்காலச் சொப்பனம் பலிக்கும்" என்று பயப்படுகிறோமே, அந்த நேரத்தில் சொப்பனம் அதிகமாக வருவதற்கும் நன்றாக நினைவில் நிற்பதற்கும் காரணம் இதுதான். சாவைக் கண்டால் சாவு வரும் என்பதற்கு அது அடையாளம் அல்ல. பகலில் நாம் அடக்கி வைத்த துக்கமும் பயமும் கவலையும்தான் இரவில் வேஷம் போட்டு வருகின்றன.

அமுக்குவான் பேய் என்பதும் அப்படித்தான். சொப்பனத்தில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி, அந்தத் தூக்கத்தில் கை கால்கள் தளர்ந்து அசைவற்றுக் கிடக்கும். சில வேளை உடம்பு விழிப்பதற்கு முன் மனம் விழித்துவிடுகிறது. கண் திறந்திருக்கும், கை அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருக்கும். சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ அது தானாக விலகும். தூக்கம் குறைந்தவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வரும்.

அய்யா பேய்களை எரித்ததையும் மந்திர தந்திரங்களை அடக்கியதையும் திருஏடு வாசிப்பில் ஆண்டுதோறும் கேட்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளை இரவில் அலறினால் மந்திரித்த கயிறு தேடி ஓடலாமா?

நான் கண்ட சொப்பனம்

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நானும் ஓடியவன்தான்.

எனக்கு 19 வயது. அண்ணனும் நானும் அக்கானி இறக்கப் பனை ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு பங்குனி மாதக் காலையில் அண்ணன் பனையிலிருந்து விழுந்தார். நான் அடுத்த பனையின் உச்சியில் இருந்தேன். இறங்கி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு தினமும் ஒரே சொப்பனம். நான் பனையிலிருந்து இறங்கிக்கொண்டே இருப்பேன். தரை வரவே வராது. வேர்த்து விறுவிறுத்து எழும்புவேன். படுக்கவே பயம். அம்மா காதில் கிடந்ததை விற்று ஒரு மந்திரவாதியிடம் கூட்டிப்போனாள். "செத்தவன்தான் இவனை விடாமல் பிடித்திருக்கிறான்" என்று சொல்லிக் கயிறு கட்டினார். என்னைச் சுமந்து வளர்த்த அண்ணனையே எனக்குப் பேயாக்கிக் கொடுத்தார் அவர். சொப்பனம் இரட்டிப்பானது. பிறகு குடித்துவிட்டுப் படுத்தேன். முன்னிரவில் மரம் போலக் கிடப்பேன். விடியற்காலையில் முன்னைவிட மோசமாக அலறுவேன்.

எங்கள் தாங்கலில் பணிவிடை செய்த பெரியவர் ஒருநாள் என்னை உட்கார வைத்து, "சொப்பனத்தை முழுசா சொல்லு மக்கா" என்றார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் அழுதேன். அவர் சொன்னார்: "அண்ணன் பொழச்சதா நெனைக்க வேண்டாம், அது பொய். நீ தரைக்கு வந்து சேர்ந்ததா நெனை. தெனமும் பகல்ல, அய்யா முன்னால இருந்து நெனை."

அப்படியே செய்தேன். பள்ளியறைக் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடி இறங்குவேன். தரை வரும். ஓடிப்போய் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, நான் வந்துட்டேன்" என்பேன். நிஜத்தில் சொல்ல முடியாமல் போன சொல் அது. சில வாரங்கள் கழித்து ஒரு ராத்திரி, சொப்பனத்திலும் தரை வந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அரசு மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, கெட்ட சொப்பனத்திற்கு இன்று மருத்துவத்திலும் இதுபோன்ற பயிற்சியே கொடுக்கப்படுகிறது என்றார்.

நாம் செய்ய வேண்டியவை

1. பகலில் சொல்லுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொப்பனத்தைச் சொல்லுங்கள், அல்லது எழுதுங்கள். கேட்பவர் பலன் சொல்ல வேண்டாம். கேட்டால் போதும்.

2. முடிவை மாற்றுங்கள். எந்த இடத்தில் பயம் வருகிறதோ அங்கே வேறு முடிவை வைத்து, தினமும் 10 முதல் 20 நிமிடம் பகலில் மனதில் நடத்திப் பாருங்கள். மிகக் கொடிய சொப்பனத்தை முதலில் எடுக்காமல் சிறியதில் தொடங்குங்கள்.

3. மாலையைக் காத்துக்கொள்ளுங்கள். மாலைக்குப் பின் தேநீர், காப்பி வேண்டாம். படுக்கும் முன் வயிறு முட்ட உண்பதும், கைப்பேசியில் கொலை, விபத்துக் காட்சிகளைப் பார்ப்பதும் ஆகாது. மது தூக்கம் தருவது போலக் காட்டி, பின்னிரவில் சொப்பனத்தைப் பெருக்கும். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும்.

4. நேரத்தோடு படுங்கள், நேரத்தோடு எழும்புங்கள். கை கால் கழுவி, திருநாமம் இட்டு, உகப்படிப்பு படித்து, மூச்சை மெதுவாக விட்டுப் படுங்கள். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

5. அலறி விழித்தால் எழுந்து உட்காருங்கள். விளக்கைப் போடுங்கள். தரையைத் தொடுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். "இது என் வீடு, நான் பத்திரமாக இருக்கிறேன், அய்யா உண்டு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சிறு பிள்ளைகள் சிலர் தூங்கிய சில மணி நேரத்திற்குள் அலறி எழுந்து, பெற்றவரையே அடையாளம் தெரியாமல் விழிப்பார்கள். உலுக்கி எழுப்ப வேண்டாம். விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். காலையில் அவர்களுக்கு அது நினைவிருக்காது. வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும். பூச்சாண்டி கதை சொல்லிச் சோறூட்டும் பழக்கத்தை நாம் விடுவோம்.

மருத்துவரிடம் எப்போது?

வாரத்திற்கு ஒருமுறைக்கு மேல் சொப்பனம் வந்து பகல் வேலையைக் கெடுத்தால். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால். வயதானவர் தூக்கத்தில் அடிக்கவும் உதைக்கவும் தொடங்கினால். இரத்த அழுத்தத்திற்கோ மனச்சோர்வுக்கோ புதிய மாத்திரை தொடங்கிய பின் சொப்பனம் வந்தால் தாமதிக்க வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சாக வேண்டும் என்ற நினைவு வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

மருத்துவரிடம் போவது அய்யா மேல் நம்பிக்கைக் குறைவு ஆகாது. பயத்தை விற்றுக் காசு பறிப்பவனிடம் போவதே நம்பிக்கைக் குறைவு.

இரவும் அய்யாவுடையதே

நித்திரையில் இருந்த அரிகோபாலன் சீசரை எழுப்பி அய்யா அகிலத்திரட்டை அருளினார் என்பதை நாம் அறிவோம். பகலைப் போலவே இரவும் அய்யாவின் ஆட்சிக்குள்தான் இருக்கிறது. கண் மூடிய பின் நாம் அநாதைகள் அல்ல.

எனக்கு இன்றும் பங்குனி வந்தால் ஒருமுறையாவது அந்தப் பனை சொப்பனத்தில் வரும். இறங்குவேன். தரை வரும். அண்ணன் அங்கே இருப்பார். பயம் இல்லை. விழித்த பிறகு திரும்பிப் படுத்தால் தூக்கம் வருகிறது.

இந்த வாரம் வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: "ராத்திரி நல்லா தூங்கினியா?" பதில் வரும் வரை பக்கத்தில் இருங்கள்.

அய்யா உண்டு!