கரியும் கதிரும்

நுழையும்முன்

புகை கக்காத ஊர்தி எனப் போற்றப்படுவது மின்னூர்தி. ஆயினும், அதற்கு ஊட்டப்படும் மின்சாரம் எங்கே பிறக்கிறது என்று வினவிய பின்னரே அதன் தூய்மையை அளவிட இயலும். அவ்வினாவை எழுப்புவதற்கு மிகவும் ஏற்ற ஊர் நெய்வேலி.

மண்ணுக்குள் ஒளி

கடலூர் மாவட்டத்து நெய்வேலியில், 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரும்பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1962இல் அனல்மின் உற்பத்தி தொடங்கியது. சுரங்கத்தில் மண்ணை அகழும் மாபெரும் சக்கர எந்திரங்களும் மின்விசையாலேயே இயங்குகின்றன. எனவே, மின்சாரத்தால் நகரும் ஊர்தி இவ்வூருக்குப் புதுமையன்று.

கணக்கு உரைப்பது

மின் ஸ்கூட்டர் ஒன்று 100 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம் வேண்டும். பழுப்பு நிலக்கரியால் ஒரு யூனிட் ஆக்கும்போது ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயு வெளிப்படுகிறது. ஆகவே, அப்பயணத்திற்கு 3 கிலோவுக்கும் மேல் வாயு சேரும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர் அதே தொலைவுக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ வெளியிடும். கரியால் ஓடினும் மின்னூர்தி சற்றே மேலானது. எனினும், புகை மறையவில்லை, தெருவிலிருந்து புகைபோக்கிக்கு இடம் மாறியதே உண்மை. கதிரவன் தரும் மின்சாரத்தை ஊட்டினாலோ ஓட்டத்தில் எழும் புகை ஏறத்தாழ இல்லாது போகும்.

கதிரவனும் சக்கரமும்

சூரியத் தகடு தருவது நேர்மின்னோட்டம். மின்கலம் சேமிப்பதும் அதுவே. ஊர்தியில் உள்ள இன்வெர்ட்டர் அதனை மாறுமின்னோட்டமாக்கி மோட்டாரைச் சுழற்றுகிறது. வேகம் குறைக்கும்போது அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி, ஆற்றலின் ஒரு பகுதியைக் கலத்திற்குத் திருப்புகிறது. ஒரு கிலோவாட் தகடு தமிழக வெயிலில் நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் தரவல்லது. ஸ்கூட்டர் 100 கிலோமீட்டர் ஓட இது போதும்.

ஆனால், கதிரவன் ஒளிர்வது பகலில். பலர் மின்னேற்றுவதோ இரவில். பள்ளியிலும் பணியிடத்திலும் பகலிலேயே மின்னேற்ற வழி செய்தல், எஞ்சியதைக் கலங்களில் சேமித்தல், இரவிலும் வீசும் காற்றின் ஆற்றலைத் துணைக்கொள்ளல் ஆகியன இதற்குத் தீர்வுகள்.

மாறும் ஊர்

2015இல் நெய்வேலியில் 10 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 600 மெகாவாட் திறனுடைய முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. சுரங்கத்திற்கு நிலம் தந்தோரும் அதில் உழைத்தோரும் ஏற்றிய விளக்குகளால் தமிழகம் ஒளி பெற்றது. புதிய ஆற்றலின் பணிகளிலும் பயன்களிலும் அவர்தம் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பதே அறமாகும். கரியிலிருந்து கதிருக்குச் செல்லும் பாதை அவர்களையும் உடனழைத்துச் செல்லட்டும்.

கற்பவை கற்றபின்

உம் குடும்பத்தினர் ஒரு வாரத்தில் ஊர்தியில் செல்லும் தொலைவைக் கணக்கிட்டு, அதற்குத் தேவைப்படும் மின்சாரத்தையும் சூரியத் தகட்டின் அளவையும் வகுப்பறையில் கலந்துரையாடுக.