உடலுக்குள் ஒரு கடிகாரம்

மாணவர்களே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்து வருவோர், களைத்திருந்தும் பகலில் உறங்க முடியாமல் தவிப்பதைக் கண்டிருப்பீர்கள். உடலினுள் ஒரு கடிகாரம் ஓடுவதே காரணம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர், நேரமே தெரியாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்து இதனை ஆராய்ந்தனர்.

இக்கடிகாரத்தின் ஒரு சுற்று பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று அதிகம். உங்கள் வயதில் அது மேலும் பிந்தும். ஆகவே காலையில் எழ முடியாதது வெறும் சோம்பல் அன்று.

காலை வெளிச்சம் கடிகாரத்தை முந்தச் செய்யும். இரவு வெளிச்சம் பிந்தச் செய்யும். எனவே முதலில் எழும் நேரத்தை மாற்றுங்கள். சில நாட்களுக்கொருமுறை 15 நிமிடம் முன்னதாக எழுந்து வெளிச்சத்தில் நில்லுங்கள். இரவில் விளக்கையும் கைப்பேசியையும் நேரத்தோடு அணையுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரந்தான். உறக்கம் தானே முந்தி வரும்.