விழிப்புலன் வலுவிழந்தோரை அறிதலும் ஆதரித்தலும்

திருவாரூர்த் திருக்குளம் இடங்குறுகியபோது அதனைத் தோண்டிப் பெருக்க முற்பட்டவர் தண்டியடிகள் நாயனார். பிறவியிலேயே புறக்கண் இல்லாத அவர், குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார் என்று பெரியபுராணம் கூறும். அப்பெரும் பணிக்குத் துணையாயிருந்தவை இரண்டு தறிகளும் ஒரு கயிறுமே. நம் ஊரவர்க்கு அத்தகைய கயிற்றைக் கட்டிக் கொடுப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆதரித்தற்கு முன் அறிதல் வேண்டும். யான் கிராமப் பாடசாலையொன்றிற் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் கரும்பலகையைப் பார்த்தெழுதும்போது பிழைபடவே எழுதுவான். சொல்வதெழுதலிலோ அவனுக்குப் பிழை வருவதில்லை. இவ்வேறுபாட்டை ஆராயாது, கவனமற்றவன் என்று பலமுறை கடிந்தேன். அவன் வீட்டிலும் புத்தகத்தை மூக்கோடு ஒட்டியே பிடிப்பதாகத் தாயார் வந்து கூறிய பின்னரே எனக்கு உண்மை புலப்பட்டது. மூக்குக்கண்ணாடி அணிந்த அடுத்த தவணையில் அவனுடைய கொப்பி திருந்திற்று. யான் கடிந்த சொற்களை மீளப்பெற வழியில்லை.

பார்வைக் குறைவு பல படிகளையுடையது. இயல்பான கண் 60 மீற்றர் தூரத்தில் அறியும் எழுத்தை 6 மீற்றர் தூரத்திலேயே அறியவல்லவரின் பார்வையை 6/60 என்பர். கண்ணாடி அணிந்த பின்னரும் இரு கண்களுள் நல்லதன் பார்வை 6/18 இற் குறையின் குறைபார்வை என்றும், 3/60 இற் குறையின் பார்வையிழப்பு என்றும் உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் வகுத்து வந்தது. ஆதலின், ஊரார் குருடர் என்று ஒதுக்குவோருள்ளும் ஒளியையும் உருவத்தையும் ஓரளவு காண்போர் உளர்.

பிள்ளைகளிடத்துக் காணும் அடையாளங்கள் இவை: கண்ணை இடுக்குதல், தலையைச் சரித்துப் பார்த்தல், வரி தவறிப் படித்தல், பந்து விளையாட்டினின்றும் ஒதுங்குதல். மாலையில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்கு உயிர்ச்சத்து ‘ஏ’ குறைந்திருத்தல் கூடும். கண்மணியில் வெண்மை தோன்றின் உடனே மருத்துவரிடம் காட்டல் வேண்டும்.

முதியோர் படியிற் கால் தட்டுவதையும், குரல் கேட்டபின்னரே ஆளை அறிவதையும் முதுமையின் இயல்பென்று விட்டுவிடலாகாது. கண்புரையால் இழந்த பார்வையைச் சத்திரசிகிச்சையாற் பெரும்பாலும் மீட்கலாம். கண்ணழுத்த நோயால் இழந்தது மீளாது. அதனை முந்தி அறிதலே காப்பு. நீரிழிவுடையோர், குறையொன்றும் உணராவிடினும், ஆண்டுதோறும் கண்ணைச் சோதிப்பித்தல் நன்று.

இனி, ஆதரிக்கும் முறையைப் பார்ப்போம். பார்வையற்றவரை அணுகும்போது முதலில் நம் பெயரைச் சொல்லல் வேண்டும்; ‘நான் யாரென்று சொல்லுங்கள் பார்ப்போம்’ என்று சோதித்தல் தகாது. வழிகாட்டும்போது அவரைப் பிடித்திழுக்காது, நம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ள, ஓரடி முன்னே நடத்தல் முறை. ‘அங்கே, இங்கே’ என்னாது, ‘உங்கள் வலப்பக்கம் மூன்று படிகள்’ என்றல் பயன்தரும். விலகும்போதும் சொல்லியே விலகல் வேண்டும். வகுப்பறையில் முன்வாங்கு, பெரிய எழுத்து, கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படித்தல் ஆகிய மூன்றும் செலவில்லாத உதவிகள்.

பார்வை முற்றாக இல்லாதார்க்கும் கல்வி வாயில் திறந்தேயுள்ளது. லூயி பிறெயில் 1824 ஆம் ஆண்டளவில், தம் இளம்பருவத்திலேயே, ஆறு புள்ளிகளைக் கொண்டு அமைத்த எழுத்துமுறை தமிழுக்கும் அமைந்துள்ளது. 1912 இல் தொடங்கப்பெற்ற பார்வையற்றோர் பாடசாலை இரத்மலானையில் உண்டு. யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை உண்டு. உடற்குறையைக் காரணங்காட்டிக் கல்வி நிலையத்திற் சேர்த்தலையோ தொழிலையோ மறுத்தலாகாதென்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. எனினும், வீட்டுக்குள் மறைத்து வைக்கப்பட்ட பிள்ளையைச் சட்டம் தானே தேடிச் செல்லாது. அயலவரே தேடிச் செல்லல் வேண்டும்.

பழைய மாணவர்காள்! விழா நிறைவெய்தி நீவிர் ஊர் திரும்பியதும், உங்கள் ஒழுங்கையில் அத்தகைய பிள்ளையோ முதியவரோ உளரோ என்று விசாரியுங்கள். உளரெனின், ஒரு நாளை ஒதுக்கிக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாணவச் செல்வங்காள்! அருகிலிருக்கும் தோழன் உங்கள் கொப்பியை எட்டிப் பார்ப்பின், அவனுக்குப் பலகை தெரிகின்றதா என்று முதலிற் கேளுங்கள். யான் கேளாது விட்ட கேள்வி அது.